துடைக்கப்பட்ட மைக்குறிகள்
ஹார்வர்டு கண்ணாடி நூலகத்தின் எண்மமாக்கல்: ஒரு மதிப்பீடு

நூலகம் என்றதும் புத்தக அடுக்குகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒரு கல்லூரியின் நூலகத்தில் நிலப்படங்களும் ஒளிப்படங்களும் ஆய்வுக் குறிப்பேடுகளும் சேர்ந்திருப்பது உண்டு. இவற்றைத் தேடி வரும் ஆய்வாளருக்கு வேண்டியது படம். தேவையான படத்தைத் தேடிக் கொடுப்பதும், அதை எண்களாக மாற்றிக் கணிப்பொறியில் ஏற்றித் தருவதும் இன்று நூலகப் பணியின் முக்கியப் பகுதியாகிவிட்டன. இந்த மாற்றத்தைத்தான் எண்மமாக்கல் என்கிறோம்.

எண்மமாக்கலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் எத்தனை லட்சம் படங்கள் ஏறின என்று சொல்லிப் பாராட்டி நிறுத்திவிடுகின்றனர். இயற்பியல் கற்பிக்கும் ஒருவனுக்கு இது போதாது. படத்தை எண்ணாக்கும் ஸ்கேனரும் ஓர் அளவுகருவியே. எந்த அளவுகருவியைக் கண்டாலும் நாம் கேட்கும் கேள்விகள் உண்டு. எதை அளந்தது? எவ்வளவு நுட்பமாக அளந்தது? அளக்கும்போது அளக்கப்படும் பொருளையே மாற்றிவிட்டதா? இக்கேள்விகளை ஒரு பெரும் எண்மமாக்கல் பணியின் முன் வைத்து, அதன் நிறைகுறைகளைக் காண்போம்.

அமெரிக்காவில் ஹார்வர்டு கல்லூரி வானாய்வகத்தில் நூறாண்டுக்கும் மேலாகச் சேர்ந்த விண்மீன் ஒளிப்படத் தட்டுகளை எண்மமாக்கிய பணி அது. வானியலறிஞர் ஜொனாதன் கிரிண்ட்லே தலைமையில் நடந்த இப்பணிக்கு 'டாஷ்' என்று பெயர். 2024 மார்ச் 28 அன்று கடைசித் தட்டு ஸ்கேனரை விட்டு இறங்கியபோது, 4,29,000-க்கும் மேற்பட்ட தட்டுகள் எண்களாக மாறியிருந்தன.

கண்ணாடியால் ஆன நூலகம்

ஹார்வர்டு கல்லூரி வானாய்வகம் 1839-இல் தோன்றியது. 1850 ஜூலையில் இங்குதான் வேகா என்னும் விண்மீன் ஒளிப்படத்தில் பதிந்தது. சூரியனைத் தவிர வேறொரு விண்மீன் படம் பிடிக்கப்பட்டது அதுவே முதல்முறை. 1877-இல் இயற்பியல் பேராசிரியரான எட்வர்டு பிக்கரிங் இயக்குநர் ஆனார். வானம் முழுவதையும் திரும்பத் திரும்பப் படம் பிடித்துச் சேர்த்து வைக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. இன்று எதற்குப் பயன்படும் என்று கேட்காமல், நாளை யாருக்காவது பயன்படும் என்ற நம்பிக்கையில் சேர்ப்பது நூலகரின் மனப்பான்மை. பிக்கரிங்குக்கு அது நிரம்ப இருந்தது.

1885 முதல் தட்டுகள் முறையாகக் குவியத் தொடங்கின. தென்வானத்தைப் படம் பிடிக்கப் பெரு நாட்டின் அரெகிப்பாவில் ஒரு நிலையம் அமைந்தது. 1927-இல் அது தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபான்டெயினுக்கு மாறியது. அங்கிருந்து கண்ணாடித் தட்டுகள் கப்பலேறி வந்து சேர்ந்தன. இவ்வாறு 1990-களின் தொடக்கம் வரை சேர்ந்தவை ஐந்து லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு தட்டும் ஒரு காகித உறைக்குள் இருக்கும். உறையின் மேல் தட்டின் எண், நாள், நேரம், வானப்பகுதி ஆகியவை எழுதப்பட்டிருக்கும். புத்தகத்துக்குத் தலைப்புப் பக்கம் எப்படியோ, தட்டுக்கு அதன் உறை அப்படி.

இந்நூலகத்தின் வாசகர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்களுக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த ஊதியத்தில் அமர்த்தப்பட்ட அவர்களைக் 'கணிப்பாளர்கள்' என்று அழைத்தனர். பிக்கரிங் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்து வானாய்வகத்துக்கு வந்த வில்லியமினா ஃபிளெமிங் 10 நோவாக்களையும் 300-க்கு மேற்பட்ட மாறொளி விண்மீன்களையும் கண்டுபிடித்தார். குதிரைத்தலை நெபுலாவை அவர் கண்டது 1888-இல் எடுத்த ஒரு தட்டில்தான். ஆனி ஜம்ப் கேனன் சுமார் மூன்றரை லட்சம் விண்மீன்களின் நிறமாலைகளை வகைப்படுத்தினார். ஹென்ரியட்டா லீவிட் மெகல்லன் மேகங்களில் 1,777 மாறொளி விண்மீன்களைக் கண்டு 1908-இல் பட்டியலிட்டார். அவற்றுள் சிறிய மேகத்தில் உள்ள 25 விண்மீன்களைக் கொண்டு, ஒளி கூடிக் குறையும் கால அளவு நீள நீள விண்மீனின் சராசரிப் பொலிவும் மிகுகிறது என்பதை 1912-இல் நிறுவினார். அண்டவெளியின் தொலைவுகளை அளக்க மனிதனுக்குக் கிடைத்த அளவுகோல் அது.

தட்டை வாசிக்கும் முறை

கண்ணாடியின் ஒரு முகத்தில் ஜெலட்டின் பசையும், அதனுள் சில்வர் புரோமைடு துகள்களும் பூசப்பட்டிருக்கும். ஒளி பட்ட துகள்கள் உருத்துலக்கும்போது கரிய வெள்ளியாக மாறும். எனவே தட்டில் வானம் வெளிறியும் விண்மீன்கள் கரும்புள்ளிகளாகவும் தோன்றும். பொலிவான விண்மீனின் புள்ளி பெரிதாகவும் கருமையாகவும் இருக்கும். ஆனால் இரு மடங்கு ஒளிக்கு இரு மடங்கு கருமை என்ற நேர்விகிதம் இங்கே இல்லை. மங்கிய ஒளியில் தட்டு ஏறக்குறைய அசையாது. இடைப்பட்ட நிலையில் சீராகக் கறுக்கும். மிகுந்த ஒளியில், இனிக் கறுக்க முடியாது என்று நின்றுவிடும். தட்டுக்குத் தட்டு இந்தப் போக்கு வேறுபடும். கட்டுரையின் பிற்பகுதியில் இச்செய்தி நமக்குத் தேவைப்படும்.

மாறொளி விண்மீனைப் பிடிக்க லீவிட் கையாண்ட முறை மிக எளிது. ஒரு நாள் எடுத்த தட்டிலிருந்து வெண்புள்ளிகள் கொண்ட நேர்ப்படி ஒன்றைக் கண்ணாடியில் எடுப்பார். அதை வேறொரு நாளில் எடுத்த கரும்புள்ளித் தட்டின் மேல் பொருத்தி வைப்பார். பொலிவு மாறாத விண்மீன்களில் வெண்மையும் கருமையும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். மாறிய விண்மீன் மட்டும் பொருந்தாமல் காட்டிக்கொடுக்கும். உடனே தட்டின் பின்புறம், பசை பூசாத கண்ணாடி முகத்தில், பேனாவால் ஒரு கோடு, ஓர் அம்புக்குறி, ஓர் எண் இடப்படும்.

பசைமேல் எழுதினால் படம் கெடும். பின்முகத்தில் எழுதினால் கெடாது. ஆகவே பல தலைமுறைகளாகத் தட்டுகளின் பின்புறம் மைக்குறிகள் சேர்ந்துகொண்டே வந்தன. ஒரே தட்டில் பலருடைய கையெழுத்து, பல நிற மை, ஒருவர் எண்ணுக்கு மேல் இன்னொருவர் எழுதிய திருத்தம் ஆகியவற்றைக் காணலாம். புத்தகத்தின் ஓரத்தில் படித்தவர்கள் எழுதிவைக்கும் குறிப்பு போன்றவை இவை.

படம் எண்ணாகும் விதம்

இனி ஸ்கேனருக்கு வருவோம். இப்பணிக்கென்றே தனியாக வடிவமைக்கப்பட்ட கருவி அது. தட்டுக்குக் கீழிருந்து ஒளி பாயும். மேலே உள்ள கேமரா, தட்டை ஊடுருவி வரும் ஒளியை அளக்கும். தட்டு சிறிது சிறிதாக நகர்த்தப்பட்டுப் பகுதி பகுதியாக எடுத்த படங்கள் இணைக்கப்படும். ஒரு பெரிய தட்டையோ இரண்டு சிறிய தட்டுகளையோ இரண்டு நிமிடங்களுக்குள் முடித்துவிடும். ஒரு நாளில் சுமார் 400 தட்டுகள் வரை இது கையாண்டது.

படத்தை இது 11 மைக்ரான் பக்கமுள்ள சிறு சதுரங்களாகப் பிரிக்கிறது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த நுட்பம் போதுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரெகிப்பாவில் இருந்த 24 அங்குல புரூஸ் தொலைநோக்கியின் தட்டில் ஒரு மில்லிமீட்டர் என்பது வானத்தில் ஏறக்குறைய 60 விகலை, அதாவது ஒரு கலை. முழுநிலவு அத்தட்டில் சுமார் 31 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அப்படியானால் ஒரு சதுரத்தின் பக்கம் வானத்தில் 0.66 விகலை. காற்றின் அலைவினால் விண்மீன் படமே இதைவிடப் பல மடங்கு பரந்து விழுகிறது. எனவே நுட்பம் போதும். தட்டில் உள்ள விண்மீன் செய்தி எதுவும் சதுரங்களுக்கிடையே நழுவ வழியில்லை.

அளவையும் பாருங்கள். 8 அங்குல அகலமும் 10 அங்குல நீளமும் உள்ள ஒரு தட்டில் இத்தகைய சதுரங்கள் சுமார் 42 கோடியே 60 லட்சம். சதுரம் ஒன்றுக்கு 2 பைட் வைத்தால் ஒரு தட்டுக்கு 85 கோடி பைட். எல்லாத் தட்டுகளும் இதே அளவு என்று கொண்டால் மொத்தம் 365 டெராபைட் ஆகும். 14 அங்குலத்துக்கு 17 அங்குலம் உள்ள பெரிய தட்டுகளில் சதுரங்களின் எண்ணிக்கை 127 கோடியைத் தொடும்.

பாராட்டத் தக்கவை

இப்பணியின் முதல் சிறப்பு, அது அளவீடாகவே திட்டமிடப்பட்டது என்பதாகும். அழகாகத் தெரியட்டும் என்று யாரும் படத்தின் ஒளியைக் கூட்டிக் குறைக்கவில்லை. ஒவ்வொரு தட்டிலும் உள்ள விண்மீன்களைக் கணிப்பொறி தானே இனங்கண்டு, பொலிவு தெரிந்த விண்மீன்களோடு ஒப்பிட்டு, மற்றவற்றின் பொலிவைக் கணக்கிடுகிறது. முன்பு கணிப்பாளர்கள் கண்ணால் மதிப்பிட்ட அதே வேலைதான். வேகம் மட்டும் பல்லாயிரம் மடங்கு.

இரண்டாவது சிறப்பு, அதன் திறந்த கதவு. ஒரு விண்மீனின் இருப்பிடத்தைக் கொடுத்தால், அது நூறாண்டில் எவ்வாறு ஒளிர்ந்தது என்ற வரைபடத்தையும் தட்டின் உரிய பகுதியையும் இணையத்தில் எவரும் பெறலாம். இதன் அருமையை ஒரு பழைய நிகழ்ச்சியால் உணரலாம். 1963-இல் 3சி 273 என்ற குவாசார் மிகத் தொலைவில் உள்ளது என்று தெரியவந்தது. அது முன்பு எப்படி ஒளிர்ந்தது என்ற கேள்வி உடனே எழுந்தது. ஹார்லன் ஸ்மித்தும் டோரிட் ஹாஃப்லைட்டும் ஹார்வர்டின் தட்டுகளைத் தேடி எடுத்து, 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பின்னோக்கிச் சென்று, அதன் பொலிவு மாறி வந்திருப்பதைக் காட்டினர். அவர்கள் தட்டு தட்டாக எடுத்துப் பார்த்ததை இன்று மதுரையிலோ நாகர்கோவிலிலோ உள்ள ஒரு கல்லூரி மாணவி தன் மேசையிலிருந்தே செய்யலாம். அறிவுலகில் இது சிறிய மாற்றம் அன்று.

மூன்றாவது, காலத்தில் செய்த உதவி. 2016 ஜனவரியில் நீர்க்குழாய் உடைந்து தட்டுகள் இருந்த அடித்தளத்தில் வெள்ளம் புகுந்தது. சுமார் 61,000 தட்டுகள் நீரில் மூழ்கின. பூஞ்சை படராமலிருக்க அவற்றை உறைநிலைக்குக் கொண்டுசென்று, பின்னர் படிப்படியாக மீட்டனர். கண்ணாடி உடையும், ஜெலட்டின் ஊறும், எழுதிய மை கரையும். ஒரு படி வேறிடத்தில் இருப்பது எவ்வளவு தேவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அழிந்தது எது?

இனிக் குறைக்கு வருவோம். ஸ்கேனர் ஊடுருவும் ஒளியை அளப்பது என்று கண்டோம். பின்முகத்தில் உள்ள மைக்கோடும் அந்த ஒளியை மறைக்கும். மைக்குக் கீழே உள்ள விண்மீன் தவறான பொலிவைக் காட்டும். மைப்புள்ளியையே விண்மீன் என்று கணிப்பொறி மயங்கவும் கூடும். ஆகவே ஸ்கேன் செய்வதற்கு முன் ஒவ்வொரு தட்டின் பின்முகமும் சாராயக் கரைசலாலும் சவரக் கத்தியாலும் துப்புரவு செய்யப்பட்டது. அதற்கு முன்பாகத் தட்டையும் உறையையும் சாதாரணக் கேமராவால் படம் எடுத்துவைத்தனர். வரலாற்றுச் சிறப்புடையவை என்று தேர்ந்த சில தட்டுகளை மட்டும் துடைக்காமல் வைத்தனர்.

மைக்குறிகளைப் படம் எடுத்துவிட்டார்களே, பிறகென்ன குறை என்று கேட்கலாம். இரண்டு படங்களையும் ஒப்பிடுங்கள். விண்மீன் புள்ளிகள் 11 மைக்ரான் நுட்பத்தில் பதிந்தன. அவற்றைப் படித்தவர்களின் எழுத்தோ அதைவிடக் குறைந்த நுட்பத்தில், ஒரு நினைவுப் படமாகப் பதிந்தது. விண்மீன் படத்துக்கு மூலத்தட்டு இன்றும் இருக்கிறது. ஐயம் வந்தால் எடுத்துப் பார்க்கலாம். மைக்குறிக்கு மூலம் இல்லை. நுட்பம் குறைந்த அந்தப் படியே இனி அதற்கு மூலம். எது மீண்டும் கிடைக்குமோ அதை மிக நன்றாகவும், எது மீண்டும் கிடைக்காதோ அதைச் சுமாராகவும் பதிவு செய்தார்கள். இதுவே இப்பணியின்மீது நான் வைக்கும் முதன்மையான குறை.

மைக்குறியில் என்ன இருக்கிறது? அமெரிக்காவின் மேற்குக் கரையில், வேறொரு வானாய்வகத்துக்குச் சொந்தமான ஒரு தட்டு விடை சொல்லும். 1923 அக்டோபரில் மௌன்ட் வில்சனில் ஆந்திரோமீடா நெபுலாவைப் படம் பிடித்த எட்வின் ஹபிள், ஒரு புள்ளியை நோவா என்று கருதி 'என்' என்ற எழுத்தை இட்டார். பிறகு அதை அடித்துவிட்டு, 'மாறொளி' என்பதைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகளையும் ஒரு வியப்புக்குறியையும் எழுதினார். அந்தப் புள்ளி லீவிட் ஆராய்ந்த வகையைச் சேர்ந்த மாறொளி விண்மீன் என்பது தெரிந்ததும், ஆந்திரோமீடா நம் பால்வழிக்கு வெளியே உள்ள தனி அண்டம் என்பது உறுதியாயிற்று. அடிக்கப்பட்ட அந்த எழுத்தும் அருகில் உள்ள வியப்புக்குறியும், ஒரு மனிதரின் எண்ணம் மாறிய கணத்தைக் கண்ணாடியில் நிறுத்திவைத்திருக்கின்றன. அத்தட்டைத் துடைத்துவிட்டு, "விண்மீன் பத்திரமாக இருக்கிறது" என்று யாரேனும் சொன்னால் நாம் ஒப்புவோமா?

ஹபிளின் தட்டு புகழ்பெற்றது, எனவே பிழைத்தது. ஹார்வர்டிலும் புகழ்பெற்ற தட்டுகள் தனியே வைக்கப்பட்டன. ஆனால் எது புகழ்பெறும் என்பது முன்கூட்டித் தெரிவதில்லை. கணிப்பாளர்களுள் பலருடைய பெயர் பாடநூல்களில் இல்லை. அவர்கள் எப்படி வேலை செய்தார்கள், யார் யாரைத் திருத்தினார்கள், எந்த விண்மீனை எத்தனை முறை திரும்பிப் பார்த்தார்கள் என்பவற்றுக்கு அவர்கள் இட்ட மைக்குறிகள் நேரடிச் சான்று. மையின் நிறம், ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிய வரிசை, கையெழுத்தின் சாயல் ஆகியவற்றைக் கூர்ந்து ஆராய நுட்பமான படம் வேண்டும். ஒருவருக்கு இரைச்சலாகத் தோன்றுவது இன்னொருவருக்குச் செய்தி. வானியலாருக்கு அழுக்காகத் தெரிந்தது வரலாற்றாசிரியருக்கு ஆவணம்.

மறுப்புரைகள்

இப்பணியைச் செய்தவர்களின் பக்கத்தையும் கேட்கவேண்டும். அவர்கள் கூறக்கூடியவை மூன்று. ஒன்று, துடைக்காவிட்டால் அளவீடு கெடும். இது முழுமையாக உண்மை. அளவீடு கெட்டால் முழுப் பணிக்கும் பொருளில்லை. இரண்டு, துடைப்பதற்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் ஸ்கேன் செய்தால் வேலை இரட்டிக்கும். நாளுக்கு 400 என்ற முழு வேகத்தில் 4,29,000 தட்டுகளுக்கு ஏறத்தாழ 1,073 வேலைநாட்கள் தேவை. ஆண்டுக்கு 250 வேலைநாட்கள் என்றால் நான்கு ஆண்டுகளுக்கும் மேல். இரண்டு முறை என்றால் எட்டரை ஆண்டுகளைத் தாண்டும். மூன்று, பழைய கண்ணாடியைக் கையாளும் ஒவ்வொரு முறையும் உடையும் ஆபத்து உண்டு.

இவற்றை எளிதாகத் தள்ளிவிட முடியாது. எனினும் எல்லாத் தட்டுகளிலும் அடர்ந்த குறிகள் இல்லை. குறிகள் நிறைந்தவற்றை மட்டும் பிரித்து, அவற்றைத் துடைக்குமுன் அதே 11 மைக்ரான் நுட்பத்தில் ஒருமுறை பதிவு செய்திருந்தால், செலவு சிறிதளவே கூடியிருக்கும். துடைக்காமல் வைக்கும் தட்டுகளைத் தேர்ந்தெடுப்பதிலும் பெரும்பெயர்களோடு நிற்காமல், ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு தொலைநோக்கிக்கும் மாதிரியாகச் சில நூறு தட்டுகளை அப்படியே விட்டிருக்கலாம். இயற்பியலில் மாதிரி எடுப்பது நமக்குப் புதிதன்று.

எண்ணையும் ஐயுறுக

இன்னொரு செய்தியையும் வாசகர்கள் அறியவேண்டும். எண்ணாகிவிட்டதாலேயே ஒரு படம் உண்மை பேசும் என்பதில்லை. சிக்னஸ் மண்டலத்தில் கேஐசி 8462852 என்ற விண்மீன் உண்டு. கெப்ளர் விண்கலத்தின் பதிவுகளில் அது ஒழுங்கின்றித் திடீர் திடீரென மங்குவது 2015-இல் வெளியாகி உலகை வியக்கவைத்தது. 2016-இல் பிராட்லி ஷேஃபர், ஹார்வர்டின் எண்மத் தட்டுகளைக் கொண்டு, அது 1890 முதல் நூறாண்டில் சுமார் 0.16 ஒளித்தரம், அதாவது ஏறக்குறைய 14 விழுக்காடு, மங்கியிருப்பதாகக் கூறினார். உடனே மைக்கேல் ஹிப்கேயும் வேறு சிலரும் மறுத்தனர். அதே தட்டுகளில் மற்ற விண்மீன்களும் இதுபோன்ற பொய்யான சரிவைக் காட்டுகின்றன. விண்மீன் மங்கவில்லை, தட்டுகளின் தன்மைதான் மாறியிருக்கிறது என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதத்தில் ஓர் இடைவெளிக்கு முக்கியப் பங்கு உண்டு. 1950-களின் முற்பகுதியில் இயக்குநராக இருந்த டொனால்டு மென்செல் செலவைக் குறைக்கத் தட்டு எடுப்பதையே நிறுத்திவிட்டார். 1960-களின் பிற்பகுதியில்தான் அது மீண்டும் தொடங்கியது. இடையில் தொலைநோக்கி, பசை, வடிகட்டி எல்லாம் மாறின. தட்டுக்குத் தட்டு கருமையின் போக்கு வேறுபடும் என்று முன்னர்க் கண்டோம் அல்லவா? இடைவெளிக்கு முன்பும் பின்பும் உள்ள பொலிவுகளை ஒரே கோட்டால் இணைத்தால் இல்லாத சரிவு தோன்றலாம். பின்னர் கெப்ளரின் நான்காண்டுப் பதிவுகளிலேயே அவ்விண்மீன் சுமார் 3 விழுக்காடு மங்கியிருப்பதை மாண்டெட், சைமன் இருவரும் காட்டினர். ஆனால் அது வேறு கருவியின் சான்று. நூறாண்டுச் சரிவைப் பற்றிய வழக்கை அது தானாகத் தீர்த்துவிடாது.

இதிலிருந்து பெறும் பாடம் தெளிவானது. எந்தத் தொலைநோக்கி, எந்த வகைப் பசை, எந்த இரவு என்ற செய்திகள் இல்லாமல் எண்களுக்கு மதிப்பில்லை. அச்செய்திகள் இருப்பதோ உறையிலும் குறிப்பேட்டிலும் தட்டின் பின்முகத்திலும்தான். ஓரக்குறிப்பைத் துடைக்கும் கை, சில வேளைகளில் அளவீட்டின் அலகையும் சேர்த்துத் துடைத்துவிடக்கூடும்.

கொடைக்கானல் தரும் சான்று

நம் நாட்டில் இதற்கு இணையான ஒரு செல்வம் உண்டு. 1899-இல் அமைந்த கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனின் ஒளிப்படங்கள் சேர்ந்து வந்தன. சூரியக் கரும்புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது இங்குதான். இங்குள்ள கால்சியம் ஒளிப் படங்கள் முதலில் 8 பிட் அளவில் எண்மமாக்கப்பட்டன. அதாவது கருமைக்கும் வெண்மைக்கும் இடையே 256 படிகள். பின்னர் அதே படங்களை 16 பிட் அளவில், 65,536 படிகளோடு, இந்திய வானியற்பியல் கழகத்தினர் மீண்டும் எண்மமாக்கினர்.

இரண்டாம் முறை செய்ய முடிந்ததற்குக் காரணம் ஒன்றே. முதல்முறை முடிந்ததும் மூலப்படங்களை யாரும் வீசி எறியவில்லை. ஸ்கேன் செய்தாயிற்று, இனி மூலம் எதற்கு என்ற கேள்வி பல நூலகங்களில் இன்று எழுகிறது. அடுத்த தலைமுறைக் கருவி வரும்போது அளக்க ஏதாவது இருக்கவேண்டாமா என்பதே அதற்கு விடை.

நூலகத்தின் பங்கு

ஹார்வர்டின் கதையில் நம்பிக்கையூட்டும் பகுதியை எழுதியது நூலகமே. அங்குள்ள வுல்பாக் நூலகத்தினர், கணிப்பாளர்கள் எழுதிய 2,500-க்கும் மேற்பட்ட குறிப்பேடுகளைத் திரட்டி, 'ஃபேட்ரா' என்ற பெயரில் எண்மமாக்கும் பணியைத் தொடங்கினர். அவற்றின் கையெழுத்தைப் படித்து எழுத்தாக்கும் வேலையில் பொதுமக்கள் பலர் தன்னார்வத்தோடு ஈடுபட்டனர். குறிப்பேட்டில் தட்டின் எண் இருக்கும். அதைக் கொண்டு தட்டையும், அதைப் படித்தவரையும், அவர் கண்டதையும் ஒன்றாக இணைக்கலாம். துடைப்பதற்கு முன் எடுத்த கேமராப் படங்களும் இவ்விணைப்பில் கைகொடுக்கும். ஒரு துறை கைவிட்ட நூலின் மறுமுனையை நூலகம் பிடித்துக்கொண்டது எனலாம்.

படத்தேடலுக்கும் எண்மமாக்கலுக்கும் துணைநிற்கும் நூலகர் வெறும் கருவி இயக்குபவர் அல்லர் என்பதை இது காட்டுகிறது. வானியலார் இன்றைய கேள்வியோடு வருவார். இன்னும் பிறக்காத ஆய்வாளரின் கேள்விக்காகவும் பேச ஒருவர் அந்த மேசையில் இருக்கவேண்டும். அத்தகைய குரல் தொடக்கத்திலேயே வலுவாக ஒலிக்கும் இடத்தில் தட்டைத் துடைக்கும் துணி சற்று நேரம் காத்திருக்கும்.

நம் கல்லூரிகளிலும் பழைய ஆய்வேடுகள், மூலிகைத் தாள்கள், கட்டட வரைபடங்கள், ஒளிப்படங்கள் ஆகியவற்றை ஸ்கேன் செய்யும் வேலை நடந்து வருகிறது. மாணவர்கள் இதில் உதவ அழைக்கப்படுவதும் உண்டு. அப்படிப்பட்ட வாய்ப்பு வரும்போது ஐந்து கேள்விகளை மறவாமல் கேளுங்கள். மூலம் எங்கே, எந்நிலையில் இருக்கிறது? படத்தோடு ஓர் அளவுகோலும் நிறப்பட்டையும் சேர்ந்து பதிந்தனவா? எத்தனை பிட், எத்தனை மைக்ரான்? பின்பக்கமும் உறையும் பதிவாயினவா? பதிவு செய்வதற்காக எதையாவது நீக்கினோமா, நீக்கியிருந்தால் அது எங்கே எழுதப்பட்டுள்ளது? ஐந்துக்கும் விடை இருந்தால் அது அளவீடு. இல்லையேல் வெறும் படம்.

டாஷ் பணி ஒரு நூற்றாண்டு வானத்தை உலகத்தார் அனைவர் கையிலும் தந்தது. அதற்கு நம் நன்றி உரியது. அதே பணி, அந்த வானத்தைப் படித்தவர்கள் கண்ணாடியில் விட்டுச்சென்ற கையெழுத்தில் பெரும்பகுதியை ஒரு மங்கலான படியாக மட்டுமே நமக்கு விட்டுவைத்தது. தட்டில் உள்ள விண்மீன்களை இன்னொரு நாள் இன்னும் நன்றாக ஸ்கேன் செய்துகொள்ளலாம். துடைத்த மையை எந்த ஸ்கேனரும் திருப்பித் தராது.